இரண்டு ஆள் பிடிக்க வேண்டிய சுவர்

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்று சொல்வார்கள். இரண்டு விதமாகவும் தின்கிற வீடு ஒன்று இருப்பது அதைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஜெர்மனியில் அதற்கு வோன்வாகன் என்று பெயர். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகலாம், உள்ளே சமைக்கலாம், படுக்கலாம். ஹம் நகரத்துக்கு வெளியே ஒரு கமக்காரரின் கொட்டகையில், உழவு மெசினுக்கும் வைக்கோல் உருண்டைகளுக்கும் நடுவில், அப்படியொரு வீடு ஏழு வருடமாக லோறன்ஸைத் தின்றுகொண்டு நின்றது.

லோறன்ஸுக்கு அறுபத்துமூன்று வயது. ஊர் மன்னார், பேசாலை. எண்பத்தாறில் அகதியாக வந்து இறங்கி, ஹம்மில் கம்பி இழுக்கிற தொழிற்சாலை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் நின்றார். முதுகின் அடியில் நாரி விட்டுப்போன பிறகு நேரத்தோடு பென்ஷன் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆள் கெட்டவர் இல்லை. உதவி என்று வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதவர். ஆனால் ஒரு பொல்லாத குணம் உண்டு. எது பிழைத்தாலும் 'யார்?' என்றுதான் முதலில் கேட்பார். 'ஏன்?' என்று கேட்பது பிறகு, அதுவும் நேரம் இருந்தால். கறிக்கு உப்புக் கூடினாலும் யார், கொடியில் கிடந்த உடுப்பு மழையில் நனைந்தாலும் யார். மனைவி கொறற்றியும் மகள் நடாலியும் வீட்டில் இருந்த காலத்தில் அதற்குப் பதில் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். கொறற்றி செத்து, நடாலி வேலை கிடைத்து ஹனோவருக்குப் போன பிறகு, கேட்கிறவரும் அவரே, அகப்படுகிறவரும் அவரே.

இந்த வருடம் ஜூன் தொடக்கத்தில் கமக்காரர் ஷுல்ட்டே கூப்பிட்டுச் சொன்னார், கொட்டகையை விற்கப்போகிறேன், ஜூலை முப்பத்தொன்றுக்குள் உன் வண்டியை எடுத்துவிடு என்று. சொல்லிவிட்டு வண்டியின் முன் இடது மூலையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவரில் பிழை இல்லை. அந்த மூலையில் அலுமினியத் தகடு பலகையை விட்டுக் கழன்று, பிள்ளைத்தாச்சி வயிறு போல வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. விரலால் அமர்த்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். கீழே விளிம்பால் மண்ணிறத் தண்ணீர் வடிந்து காய்ந்த கோடுகள். அந்தக் கோலத்தோடு வீதிக்குக் கொண்டுபோனால் பரிசோதனைக்காரன் சாவியை வாங்கி வைத்துக்கொள்வான்.

"அப்பா, அதை உடைக்கக் குடுங்கோ," என்றாள் நடாலி, ஞாயிற்றுக்கிழமை எடுக்கிற வழக்கமான போனில். "வேணுமெண்டால் ரெண்டு நாளைக்கு வாடகைக்கு ஒண்டு எடுக்கலாம்."

"வாடகை வண்டியில ஆரடி என்னட்டை வரப்போகினம்?" என்று கேட்டார் லோறன்ஸ்.

அவளுக்கு அது விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தவும் இல்லை. விளங்கப்படுத்தினால் இப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஓகஸ்ட் மாதம் கெவலார் மாதா கோயிலில் தமிழருக்கென்று ஒரு சனிக்கிழமை உண்டு. ஜெர்மனியின் நாலு மூலையில் இருந்தும் வருவார்கள், பக்கத்து நாடுகளில் இருந்தும் வருவார்கள். வேதக்காரர் மட்டுமில்லை, சைவக்காரரும் நேத்திக்கடனோடு வந்து மெழுகுதிரி கொளுத்துவார்கள். மன்னாரில் மடு மாதாவிடம் போக ஏலாமல் போன சனத்துக்கு அதுதான் மடு. முதல்நாள் வெள்ளிக்கிழமையே லோறன்ஸின் வோன்வாகன் ஊருக்கு வெளியே ஒரு புல்வெளியில் போய் நிற்கும். முன்னால் நிழலுக்கு ஒரு படங்கு, நாலு கதிரை, முப்பது பேருக்குக் காணக்கூடிய ஒரு பெரிய கேத்தில். கொறற்றி இஞ்சி தட்டிப்போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றுவாள். தெரிந்தவர், தெரியாதவர், தெரிந்தவரின் சம்பந்தி என்று எல்லாரும் வருவார்கள். 'லோறன்ஸின்ர வண்டி எங்கை நிக்குது?' என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். வருடத்தில் அந்த இரண்டு நாளும் லோறன்ஸ் ஒரு பெரிய வீட்டுக்காரர்.

வண்டி பழுதான பிறகு அவர் ரெயினில் போய்வந்தார். ஆயிரக்கணக்கான தமிழருக்கு நடுவில் நின்று, "எப்பிடி அண்ணை, சுகமோ?" என்றால், "ஓம், சுகம்," என்பார். அவ்வளவுதான். கேட்டவர்கள் தங்கள் தங்கள் பாய்க்கும் சோற்றுப் பெட்டிக்கும் போய்விடுவார்கள். வாருங்கோ இருங்கோ என்று ஒரு சிலர் கூப்பிடாமலும் இல்லை. தானாகப் போய் இன்னொருவர் பாயில் குந்துகிற மனிதர் இல்லை அவர். மரத்தடியில் நின்றபடி பாணைத் தின்றுவிட்டு, செபமாலைப் பவனி முடிந்த கையோடு ரெயினைப் பிடிப்பார். அத்தனை சனத்துக்குள் நின்று வருகிற தனிமை வீட்டில் இருந்து வருகிற தனிமையைவிடப் பொல்லாதது என்பதை அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்ல ஆள் இருந்தால் அது ஏன் வரப்போகிறது.

ஆகவே விசயம் இதுதான். சுவர் சரிவந்தால் இந்த ஓகஸ்ட் அவர் வாசலுக்கு நாலு பேர் வருவார்கள். சரிவராவிட்டால் வண்டி உடைக்கிற இடத்துக்குப் போகும். அவர் சாகும்வரைக்கும் மரத்தடியில் நின்று பாண் தின்ன வேண்டியதுதான்.

வண்டியை வாங்கும்போது அது அவருடையது மட்டும் இல்லை. விமலநாதனும் அவரும் சேர்ந்து வாங்கியது. இரண்டு பேரும் ஒரே வருடம் வந்து, ஒரே அகதி முகாமில் மேல்கட்டில் கீழ்க்கட்டிலில் படுத்து, ஒரே தொழிற்சாலையில் வேலைக்குப் போனவர்கள். விமலநாதன் யாழ்ப்பாணத்துச் சைவக்காரன். ஹம்மில் அம்மன் கோயில் தேர் வந்தால் வண்டி விமலநாதன் வீட்டு வாசலில் நிற்கும், வெளியூரில் இருந்து வருகிற அவன் சொந்தக்காரர் படுப்பார்கள். கெவலார் வந்தால் லோறன்ஸோடு போகும். விமலநாதன் குடும்பமும் கூடவே போகும். உள்ளே மடுமாதா சுரூபம், கதவுக்கு மேலே விமலநாதன் ஒட்டிய பிள்ளையார் படம். இரண்டு பேருக்குள்ளும் ஒரு சண்டை வந்தது கிடையாது.

விமலநாதனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் அவன் வேலை, சுற்றிவைத்த கம்பிச் சுருள்களைப் பரிசோதித்துத் திகதி எழுதுவது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பல்ப் மாற்றினால் பல்ப்பில் திகதி, ஊறுகாய் போட்டால் போத்தலில் திகதி, பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு 'வி'. 'கலியாணத்தண்டு பெஞ்சாதியின்ர முதுகிலயும் எழுதினனியோ?' என்று லோறன்ஸ் பகிடி பண்ணுவார்.

இனி அந்த மாதா சுரூபத்தின் கதை. வண்டி நெடுஞ்சாலையில் குலுங்கக் குலுங்க, முன் மூலையில் வைத்த மாதா ஒவ்வொரு பயணத்திலும் விழுவா. மூன்றாம் முறை விழுந்தபோது சுரூபத்தின் சின்னவிரல் உடைந்துபோனது. கொறற்றி அதைக் கையில் வைத்துக்கொண்டு, இது நல்ல சகுனம் இல்லை என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. லோறன்ஸ் விடுவாரா? ஒரு சின்னப் பலகைத் தட்டுச் செய்து, மாதாவைச் சுற்றி வேலி மாதிரி விளிம்பு வைத்து, மூலைச் சுவரில் திருகாணி போட்டு இறுக்கினார். ஐந்து சென்ரிமீற்றர் ஆணி. "இனி உலகம் அழிஞ்சாலும் மாதா விழமாட்டா," என்றார். வண்டிச் சுவரின் மொத்தத் தடிப்பே மூன்று சென்ரிமீற்றர்தான் என்பதை அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் மாதாவுக்குக் கட்டை ஆணி போட அவருக்கு மனம் வந்திருக்காது. இரும்புக்குள் பிழைத்த மனிதர், இறுக்கம் என்றால் ஆழம் என்றுதான் அவருக்குத் தெரியும்.

இரண்டாயிரத்துப் பதினாறில் கூரை விளிம்பு பழசாகிவிட்டதென்று விமலநாதன் அதைக் கழற்றி, புதிதாகப் பசை வைத்து அடைத்துப் பூட்டினான். பதினேழில் கொறற்றிக்கு வருத்தம் கண்டது. அந்த வருடக் கெவலாருக்கு அவளை வண்டிக் கட்டிலில் படுக்கவைத்துத்தான் கொண்டுபோனார்கள். நவம்பரில் அவள் செத்துப்போனாள்.

அடுத்த வருடம் வண்டியைத் திறந்தபோது மூலை முழுக்க ஊறி, கட்டில் மெத்தை பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. லோறன்ஸ் கேட்டார், யார்? கூரை விளிம்பை அடைத்தது யார்? விடை கையிலேயே இருந்தது. கொறற்றியின் ஆண்டு நினைவுப் பூசை முடிந்து மண்டபத்தில் சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அத்தனை பேருக்கும் முன்னால் விமலநாதனைப் பார்த்துச் சொன்னார்: "அவள் கடைசியாப் படுத்த கட்டில் ஊறி நாறிப்போய்க் கிடக்கு. எல்லாம் உன்ர கைவேலை."

விமலநாதன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுக் கை கழுவினான். "சரி மச்சான்," என்றான். மனைவியையும் மகள் ஆரணியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த இளவேனிலில் கெல்சென்கிர்ச்சனுக்கு வீடு மாறினான் என்று கேள்வி. பெரிய கேத்திலும் அவனோடு போய்விட்டது. 'பாத்தியே, கேத்திலையும் விட்டுவைக்கேல்லை,' என்று லோறன்ஸ் கொஞ்சக் காலம் சுவருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஹம்மில் இருந்து கெல்சென்கிர்ச்சன் ரெயினில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஏழு வருடத்தில் இரண்டு பேரில் ஒருவருக்கும் அந்த ஒரு மணித்தியாலம் அகப்படவில்லை.

ஜூன் பத்தாம் திகதி லோறன்ஸ் ஏணியைச் சாத்தினார். எங்கே தொடங்கினார் என்று கேட்கத் தேவையில்லை. கூரை விளிம்பில்தான். பழுதைத் திருத்துவதற்கு முதல் குற்றவாளியின் வேலையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். விளிம்புக் கம்பியைக் கழற்றினார். உள்ளே விமலநாதன் வைத்த பசை ஒன்பது வருடத்துக்குப் பிறகும் கருப்பட்டிப் பாகு மாதிரி இழுபட்டு நின்றது. அதைச் சுரண்டினார். அடியில் பலகை மஞ்சளாக, காய்ந்து, தச்சுப்பட்டறையில் இருந்து நேற்று வந்ததைப் போலக் கிடந்தது. ஒரு பொட்டு ஈரம் இல்லை.

லோறன்ஸ் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஈரம் பார்க்கிற கருவியை எடுத்து விளிம்பில் இருந்து கீழே கீழே குத்திக்கொண்டு வந்தார். ஒரு சாண் கீழே, மூலையில் இருக்கிற சின்ன வெள்ளை விளக்குக்குப் பக்கத்தில், முள்ளு எகிறிப் பாய்ந்தது.

விளக்குக் கூட்டைக் கழற்றினார். கூட்டுக்குள் ஊத்தைத் தண்ணீர். அதற்குப் பின்னால் தகட்டில் ஒரு பொட்டு சாம்பல் நிறப் பசை, பெருவிரலால் அமர்த்திய அடையாளத்தோடு. பசை நடுவில் வெடித்திருந்தது. வெடிப்புக்குள் துருப்பிடித்த இரும்பு முனை ஒன்று தெரிந்தது, குறட்டால் வெட்டிய முனை. கூட்டின் மூடியைத் திருப்பிப் பார்த்தார். உட்பக்கத்தில் கறுப்பு மையால் எழுதியிருந்தது: 12.8.17, பக்கத்தில் ஒரு 'வி'.

ஒருவர் உள்ளே நின்று திருக, மற்றவர் வெளியே நின்று பார்க்க வேண்டிய சோதனை அது. லோறன்ஸ் உள்ளே போய் மாதாவின் தட்டில் மேல் ஆணியைக் கழற்றுகிற பக்கமாக ஒரு சுற்றுத் திருகிவிட்டு, ஏணியில் ஏறி வந்து பார்த்தார். திரும்பப் போய் இன்னொரு சுற்று. வந்து பார்த்தார். இரும்பு முனை இருந்த இடத்தில் இல்லை, உள்ளே போயிருந்தது. வெறும் ஓட்டை.

அவருடைய ஆணி. வண்டி குலுங்கும்போதெல்லாம் ஆணி அசைந்திருக்கிறது. ஆணி அசைய அசைய, விளக்குக் கூட்டில் தேங்கிய மழை அதன் வழியாகவே உள்ளே இறங்கியிருக்கிறது. விமலநாதன் பல்ப் மாற்றும்போது அதைக் கண்டிருக்கிறான். முனையை வெட்டி, பசை வைத்து, திகதியும் எழுதி, மூடிப் பூட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கியிருக்கிறான். பிறகு, அத்தனை சனத்துக்கு முன்னால் அவர் வாய்க்கு வந்தபடி சொன்னபோது, 'சரி மச்சான்' என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். லோறன்ஸ் வைக்கோல் உருண்டை ஒன்றில் குந்தி அந்த மூடியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். 'யார்?' என்று கேட்க இனி ஒன்றும் இல்லை. வெட்கம் என்றால் வெட்கம், உடம்பெல்லாம் எரிகிற வெட்கம். அறுபத்துமூன்று வயதில் அப்படியொன்று வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

அன்றைக்கே போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மனிதர்தானே. நாளைக்கு எடுப்பம் என்றார். நாளைக்கு வேலை இருந்தது. தகட்டை மூலையில் இருந்து பாய் சுருட்டுவதுபோலக் கவனமாக உரித்து மடித்துக் கட்டினார். உள்ளே இருந்த மரச்சட்டங்களைத் தொட்டால் ஈரப் பிட்டு மாதிரிக் கையோடு உதிர்ந்து வந்தன. குளிருக்காக நடுவில் அடைத்திருந்த ஊறிய ரெஜிபோம் நுரையை வாரி வாளியில் போட்டார். ஈரம் உறிஞ்சுகிற மெசின் ஒன்றைக் கொண்டுவந்து பூட்டி, மூன்று கிழமை இரவுபகல் ஓடவிட்டார். ஒவ்வொரு காலையும் சைக்கிளில் வந்து அதன் தண்ணீரை ஊற்றுவார், கருவியால் குத்திப் பார்ப்பார், பிறகு போனை எடுப்பார். 'விமல்' என்ற பெயர் அதில் அப்படியே கிடந்தது. பார்ப்பார், பையில் வைப்பார். சுவர் காய்ந்துகொண்டு வந்தது. அவருக்குச் சொல்ல வேண்டிய வசனம் மட்டும் வரவே இல்லை. 'மச்சான், பிழை என்னிலைதான்' என்று தொடங்கலாம். தொடங்கி? ஏழு வருடத்தை எந்த வசனத்துக்குள் அடைக்கிறது?

ஜூலை இருபத்தாறு, சனிக்கிழமை. புதுச் சட்டம் வைத்து, புது ரெஜிபோம் வெட்டிப் பொருத்தி, எல்லாம் தயார். இனிப் பசை பூசித் தகட்டைத் திரும்ப ஒட்ட வேண்டும். பசை டப்பாவில் ஜெர்மனில் தெளிவாக எழுதியிருந்தது: இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், நாற்பது நிமிடம் அசையாமல் அமர்த்திப் பிடிக்க வேண்டும். லோறன்ஸ் அதை இரண்டு தரம் வாசித்தார். சுவர் முழுக்க ஒரு பெரிய பலகையை வைத்து, நிலத்தில் இருந்து மூன்று மரக்கட்டையைச் சாய்த்து முட்டுக் கொடுத்தால் ஒரு ஆளே செய்யலாம் என்று கணக்குப் போட்டார். கணக்குப் பிழை இல்லை. நிலத்தில் ஷுல்ட்டேயின் உழவு மெசின் சிந்திய எண்ணெய் அந்தக் கணக்கில் வரவில்லை.

பசை பூசி, தகட்டைப் பொருத்தி, பலகை வைத்து, மூன்று முட்டும் இறுக்கி, அப்பாடா என்று நிமிர்ந்தார். நடு முட்டு எண்ணெயில் வழுக்கித் தடாரென்று விழுந்து பிளந்தது. பலகையின் நடுப்பகுதி தளர, அதற்குப் பின்னால் தகடு மெல்ல மெல்ல வெளியே எழும்பத் தொடங்கியது. லோறன்ஸ் யோசிக்கவில்லை. ஓடிப்போய் முதுகைக் கொடுத்துப் பலகையை அமர்த்தினார். எதிரே கிடந்த உழவு மெசின் ரயரில் இரண்டு காலையும் உதைத்துக்கொண்டார். கையிரண்டையும் விரித்துப் பலகையில் ஊன்றினார். பழுதான நாரி கத்தியது. தகடு நின்றது. அவர் கொஞ்சம் விலகினாலும் அது எழும்பும். பசை அப்படியே இறுகினால் பிறகு தகட்டைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். வண்டியும் முடிந்தது, ஓகஸ்டும் முடிந்தது.

ஐந்து நிமிடம் நின்றார். இன்னும் முப்பத்தைந்து நிமிடம் இந்த நாரி தாங்காது என்று தெரிந்தது. ஒரு கையை எடுத்து, சட்டைப் பையில் இருந்த போனை உருவி, ஷுல்ட்டேக்கு அடித்தார். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. அறுவடைக் காலம், மனிதர் வயலில். நடாலி ஹனோவரில். அவள் என்ன செய்வாள், பாவம். லோறன்ஸின் பெருவிரல் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனது. இந்த நாட்டில் முப்பத்தொன்பது வருடம் இருந்த மனிதர், முதுகால் ஒரு சுவரைத் தாங்கிக்கொண்டு, கூப்பிட ஒரு ஆள் தேடினார். விரல் ஒரு பெயரில் நின்றது.

அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டுக் கையைத் திரும்பப் பலகையில் ஊன்றினார். ஐந்தாவது தரம் மணி அடித்தபோது எடுபட்டது.

"ம், சொல்லு," என்றது விமலநாதனின் குரல்.

"நான்தான்," என்றார் லோறன்ஸ்.

"தெரியும். போனில பேர் விழுகுது."

"நான்... வண்டிச் சுவரை ஒட்டிக்கொண்டு நிக்கிறன். முட்டு வழுக்கிப் போச்சு. முதுகால தாங்கிக்கொண்டு நிக்கிறன்."

"தனியவோ?"

"ஓம்."

"உனக்கென்ன விசரோ? அது ரெண்டு ஆள் வேலை."

"தெரியும். டப்பாவிலயும் எழுதிக் கிடக்கு."

"எத்தினை நிமிசம்?"

"நாப்பது. எட்டு முடிஞ்சுது."

போனுக்குள் ஒரு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. "இப்ப வெளிக்கிட்டாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல செல்லும்," என்றான் விமலநாதன்.

"வரச் சொல்லி எடுக்கேல்லை."

"பின்னை?"

அந்தப் 'பின்னை'க்குப் பதில் தெரியாமல்தானே ஒன்றரை மாதம் போனது. இப்போது ஓடவும் வழியில்லை, போனை வைக்கக் கையும் இல்லை. "லைற்றைக் கழட்டினனான்," என்றார் லோறன்ஸ். "பன்னிரண்டு எட்டு பதினேழு."

 

"அண்டைக்கு நான் மேல நிண்டு பல்ப் மாத்தேக்கை, யன்னலுக்குள்ளால பாக்கிறன், தங்கச்சி மாதாவுக்கு முன்னால இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறா," என்றான் விமலநாதன். கொறற்றியை அவன் எப்போதும் தங்கச்சி என்றுதான் சொல்வான். "இருக்கவே ஏலாத மனிசி. உன்னட்டைச் சொன்னா நீ உடன தட்டைக் கழட்டுவாய். மாதாவை இறக்கினா அவ என்னெண்டு நினைப்பா? பசையை வைச்சிட்டு, ஹம்முக்குத் திரும்பிப் போய்ச் சொல்லுவம் எண்டு விட்டன்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"எப்பிடிச் சொல்லுறது? செத்தவீடு முடிஞ்ச ஆளிட்டை, உன்ர மனிசிக்கு நீ அடிச்ச ஆணியாலதான் தண்ணி வந்ததெண்டு சொல்லுறதோ?"

"நான் உன்னை அத்தினை சனத்துக்கு முன்னால வைச்சு..."

"ஓம். வைச்சுச் சொன்னனி." விமலநாதனின் குரல் கொஞ்சம் இறுகியது. "எனக்கும் ரோசம் இருந்தது மச்சான். இல்லையெண்டு சொல்லமாட்டன். நீ எடுப்பாய் எண்டு ரெண்டு வருசம் பாத்தன். பிறகு பாக்கிறேல்லை. கெவலாருக்கும் வாறேல்லை. போனால் உன்ர வண்டியைத் தேடுவன் எண்டு தெரியும்."

லோறன்ஸுக்குத் தொடை நடுங்கத் தொடங்கியது. பலகை முதுகில் ஒரு மயிரளவு நகர்ந்தது. "வழுக்குது," என்றார்.

"காலை எங்கை குடுத்து நிக்கிறாய்?"

"உழவு மெசின் ரயரில."

"முழங்காலை மடக்காமல் நேர வை. குதியால உதை. மூச்சை விட்டு விட்டு எடு. நாரியால தாங்காதை, காலால தாங்கு."

லோறன்ஸ் அப்படியே செய்தார். பலகை நின்றது.

"இனித் தட்டை எப்பிடிப் பூட்டப்போறாய்?" என்று கேட்டான் விமலநாதன், கொஞ்ச நேரத்தால்.

"இன்னும் யோசிக்கேல்லை."

"இருவது மில்லிமீற்றர் ஆணி. மாதாவுக்கு அது காணும்."

லோறன்ஸுக்குச் சிரிப்பு வந்தது.  

 விமலநாதன் வீட்டில் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம், யாரோ பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. கொட்டகைத் தகரத்தில் புறா ஒன்று நடந்தது. பத்து நிமிடமாவது அப்படிப் போயிருக்கும்.

"இந்த முறை எப்ப, ஒன்பதாந் திகதியோ?" என்று கேட்டான் விமலநாதன்.

"ஓம். ஒன்பது."

"அப்ப வெள்ளி பின்னேரமே இடம் பிடிக்க வேணும்." பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வதைப்போல, "பெரிய கேத்தில் இஞ்சைதான் கிடக்கு. அண்டைக்கு மண்டபத்தால வரேக்கை ஆரணி சாமானோட சாமானாத் தூக்கிக்கொண்டு வந்திட்டாள். திருப்பிக் குடுக்க வேணும் எண்டு வருசா வருசம் மினுக்கி வைக்கிறது," என்றான்.

ஏழு வருடம் மினுக்கி வைத்திருக்கிறான். அடியில் திகதியும் எழுதியிருப்பான், எழுதாமல் விட மாட்டான். லோறன்ஸுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடத் தொடங்கியது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் பலகையில். கன்னத்தால் வழிந்து, மீசையில் இறங்கி, சட்டைக் கழுத்துக்குள் போனது. மூக்கும் ஒழுகியது. ஒரு கிழவன் சுவரில் ஒட்டின பல்லி மாதிரி நின்று அழுகிற கோலத்தைப் பார்க்க அங்கே யாரும் இல்லாதது ஒருவகையில் நல்லது.

"மச்சான்," என்றார். "என்னை மன்னிச்சுக்கொள்ளு. பிழை முழுக்க என்னிலைதான்."

குழாயை யாரோ பூட்டினார்கள். அவன் மூச்சு விடுகிற சத்தம் பைக்குள் இருந்து, லோறன்ஸின் நெஞ்சோடு ஒட்டினாற்போலக் கேட்டது.

"அசையாதை," என்றான் கடைசியில். "இன்னும் பன்னிரண்டு நிமிசம் கிடக்கு."

லோறன்ஸ் அசையவில்லை. விமலநாதன் போனை வைக்கவும் இல்லை.